ஆர் மொழி மீது பழி வேண்டாம். தேடும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புள்ளியியல் மாணவர்கள் எந்தக் கணினி மொழியைப் படிக்கலாம் என்று தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் புள்ளியியல் வேலைகளுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியைப் பற்றிச் சொன்ன இரண்டு பத்திகளைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. சின்னத் தரவுக்குத்தான் ஆர் லாயக்கு, லட்சக்கணக்கில் போனால் திணறிவிடும், ஒன்று விலை கூடிய லேப்டாப் வாங்குங்கள், இல்லையென்றால் வேறு மொழிக்கு மாறுங்கள் என்கிறார் கட்டுரையாளர். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போதும் ஆய்வு மாணவர்கள் தரவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் புரோகிராம்களைப் பார்த்த அளவில் சொல்கிறேன்: பெரும்பாலும் திணறுவது மொழியோ கம்ப்யூட்டரோ அல்ல. ஒரு பெயரைச் சொல்லி அதற்குரிய மதிப்பை எடுக்கும் வேலையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காகக் கடன் வாங்கி லேப்டாப் வாங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

தமிழ்த்துறை ஆய்வு மாணவி ஒருவரின் வேலையையே எடுத்துக்கொள்கிறேன். தற்காலச் சிறுகதைகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணவேண்டும். கதைகள் தனித்தனிக் கோப்புகளாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். அவர் எழுதியிருந்த புரோகிராம் எளிமையானது. வெறும் லிஸ்ட் (மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பட்டியல்) ஒன்றைத் தொடங்குவது. ஒரு சொல் வந்தால் அந்தப் பெயரில் லிஸ்ட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவது, இல்லையென்றால் 1 என்று புதிதாகச் சேர்ப்பது. தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. முதல் சில கதைகள் மளமளவென்று ஓடின. போகப் போக மெதுவாகி, ராத்திரி முழுக்க ஓடவிட்டும் முடியவில்லை. “மேடம், கம்ப்யூட்டர் பத்தாதாம், புதுசு வாங்கணுமாம்” என்று கண் கலங்க வந்து நின்றார்.

ஆரில் லிஸ்ட்டில் இருப்பவற்றுக்கும் வெக்டரில் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) இருப்பவற்றுக்கும் பெயர் வைக்கலாம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரைக் கொடுத்தால் மதிப்பு வந்துவிடும். பார்க்க அகராதி போலவே இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. முதல் பெயரிலிருந்து தொடங்கி, இதுவா, அதுவா என்று வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. சொல் லிஸ்ட்டில் இல்லை என்றால் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்ல முடியும்.

திருக்குறளை எண்ணினால் இது பெரிதாகத் தெரியாது. 1330 குறள், குறளுக்கு 7 சீர், ஆக 9310 சீர். அத்தனையும் வேறு வேறு என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு புதுச் சீரையும் முன்னால் வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட 4 கோடிச் சொச்சம் ஒப்பீடு. அதை ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்கும். ஒரு லட்சம் தனிச் சொற்கள் என்றால்? 0, 1, 2 என்று 99,999 வரை கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 500 கோடி. சரக்கு 11 மடங்குகூட ஆகவில்லை, வேலை 115 மடங்கு ஆகிவிட்டது. அதுவும் புதுச் சொல்லைச் சேர்ப்பதற்கு மட்டும். வந்த சொல்லே திரும்ப வரும்போது தேடுவது தனிக் கணக்கு. இதற்கு இரண்டு மடங்கு வேகமுள்ள லேப்டாப் வாங்கினால் நேரம் பாதியாகும், அவ்வளவுதான். அடுத்த தொகுதிக் கதைகள் வந்ததும் பழையபடி நின்றுவிடும்.

தமிழில் ஒரு லட்சம் தனிச் சொல் என்பது பெரிய விஷயமும் இல்லை. வீடு, வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு, வீட்டுக்குத்தான், வீடுகளிலும் என்று ஒரே சொல் எத்தனை உருவத்தில் வருகிறது! கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் தனி கீ, அதாவது மதிப்பைத் தேடி எடுக்கும் தனிப் பெயர். அதனால் நம் மொழியில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை சீக்கிரமே வருகிறது.

இதற்கு மருந்து ஆருக்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம், இன்டர்நெட்டிலிருந்து இறக்கவும் வேண்டாம். என்விரான்மென்ட் என்று பெயர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் ஆரை உருவாக்கியபோது, எழுதும் முறையை பெல் ஆய்வகத்தில் பிறந்த எஸ் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மாறிகளின் பெயர்கள் எந்த எல்லைக்குள் செல்லும் என்ற விதிகளை ஸ்கீம் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் ஆர் அந்தப் பெயரையும் மதிப்பையும் வைத்துக்கொள்ளும் இடம்தான் என்விரான்மென்ட். மொழி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அதே வசதியை நாமும் எடுத்துப் புழங்கலாம். நியூ.என்வ் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இது ஹேஷ் டேபிள் முறையில் இயங்குவது. தபால் பிரிக்கும் இடத்தில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கோடைப் பார்த்ததும் கை நேராக அந்த மாடத்துக்குப் போகும். மற்ற மாடங்களைத் தொடுவதே இல்லை. இங்கே சொல்லின் எழுத்துகளை வைத்தே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள இடத்தில் மட்டும் பார்க்கிறது. ஒன்றிரண்டு சொற்கள் ஒரே இடத்தில் விழுந்தால் அவற்றுக்குள் மட்டும் ஒப்பீடு. ஆரில் எதுவும் சொல்லாவிட்டால் 29 இடங்களோடு தொடங்கும். நிரம்ப நிரம்பத் தானே பெரிதாகிக்கொள்ளும். நூறு சொல் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் ஒரு சொல்லைத் தேடும் நேரம் ஏறக்குறைய அதேதான். அந்த மாணவியின் புரோகிராமில் லிஸ்ட் என்று தொடங்கிய வரியை நியூ.என்வ் என்று மாற்றினோம். மற்ற வரிகளில் கிட்டத்தட்ட எதையும் தொடவில்லை, ஏனென்றால் இரட்டைச் சதுர அடைப்பு இதிலும் அப்படியே வேலை செய்யும். இல்லாத சொல்லைக் கேட்டால் இதுவும் நல் (NULL, ‘ஒன்றுமில்லை’) என்றே திருப்பித் தரும். ராத்திரி முழுக்க முடியாத வேலை, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்தது. அதே பழைய கம்ப்யூட்டர்தான்.

என்விரான்மென்ட்டைப் பழகும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஒருமுறை அடிபட்டதும் விட்டுவிடுவார்கள்.

சிலர் இரட்டைச் சதுர அடைப்புக்குப் பதிலாக எக்ஸிஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷனால் (ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளை), சொல் இருக்கிறதா என்று கேட்பார்கள். அது நம் டேபிளில் இல்லையென்றால் அதோடு நிற்காது. அதன் தாய் என்விரான்மென்ட், அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போகும். ஆங்கிலம் கலந்த கதையில் ‘டைம்’ என்ற சொல் ஆங்கில எழுத்தில் வந்தால், ஆரில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருப்பதால், ‘இருக்கிறது’ என்று பதில் வரும். அப்புறம் மதிப்பை எடுக்கும் கெட் ஃபங்ஷனைப் போட்டு எடுத்து ஒன்றைக் கூட்டினால், எண் அல்லாததைக் கூட்ட முடியாது என்று பிழை காட்டி நின்றுவிடும். பையன் தன் கணக்கில் தப்பு எங்கே என்று மண்டையை உடைத்துக்கொள்வான். மேலே ஏறித் தேடலாமா என்பதைக் குறிக்கும் இன்ஹெரிட்ஸ் என்பதற்கு ஃபால்ஸ் (வேண்டாம்) கொடுத்தால் தீர்ந்தது. டேபிளை உருவாக்கும்போதே தாயாக எம்ப்டிஎன்வ் (வெற்று என்விரான்மென்ட்) என்று கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வெற்றுச் சரம் (ஒரு எழுத்தும் இல்லாத சொல்) இங்கே கீயாக ஆகாது. இடைவெளியில் தொடங்கும் ஒரு வரியைச் சொற்களாக வெட்டினால் முதல் துண்டு வெறுமையாகத்தான் வரும். அதை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.

இன்னொன்று, நினைவகம். என்விரான்மென்ட்டில் வரும் ஒவ்வொரு புதுப் பெயரையும் ஆர் தன் பொதுப் பெயர்ப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. டேபிளையே அழித்தாலும் அந்தப் பெயர்கள் ஆரை மூடும்வரை போகாது. ஒரு ஆய்வுக்கு இது பொருட்டில்லை. நாள் கணக்கில் நிற்காமல் ஓடும் புரோகிராமில் புதுப் புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தால் நினைவகம் மெல்ல நிரம்பும். அதற்காகவே ஃபாஸ்ட்மேப் என்ற இலவசப் பேக்கேஜ் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பு) இருக்கிறது.

இந்த இடத்தில் லிஸ்ட்டின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும், தமிழில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. லிஸ்ட்டில் டாலர் குறி போட்டுப் பெயரைக் கேட்டால், முழுப் பெயர் இல்லாவிட்டாலும் தொடக்கம் பொருந்துகிற பெயர் ஒன்றே ஒன்று இருந்தால் ஆர் அதன் மதிப்பைக் கொடுத்துவிடும். எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ‘ல்’ என்பது ‘ல’வும் அதன் பின்னால் தனியாக வரும் புள்ளியும். ஆகவே பின்சாய்ந்த மேற்கோளுக்குள் ‘கல’ என்று எழுதிக் கேட்டால், லிஸ்ட்டில் ‘கல்’ மட்டும் இருக்கும்போது, அதன் எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கும். நாளைக்கே ‘கலம்’ என்று இன்னொரு சொல் சேர்ந்தால் இரண்டும் பொருந்துவதால் ஒன்றும் கொடுக்காது. இன்றைக்கு ஒரு விடை, நாளைக்கு வேறு விடை! ஆய்வேட்டில் போகிற எண்ணுக்கு இந்தக் கதி கூடாது. என்விரான்மென்ட்டில் இந்த அரைகுறைப் பொருத்தம் கிடையாது. லிஸ்ட்டிலும் இரட்டைச் சதுர அடைப்பு முழுப் பெயரைத்தான் பார்க்கும்.

2022 ஏப்ரலில் வந்த ஆர் 4.2.0 பதிப்பில் இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது: ஹேஷ்டேப். இன்னும் சோதனை நிலையில்தான் இருப்பதாக அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. ஆனால் பழகிப் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. செட்ஹேஷ் போட்டு வைப்பது, கெட்ஹேஷ் போட்டு எடுப்பது. இதன் சிறப்பு, கீ எழுத்துச் சரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ‘நல்ல’, ‘பாம்பு’ என்ற இரண்டு சொற்களை ஒரு வெக்டராக வைத்து அதையே கீயாகக் கொடுக்கலாம். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்று எண்ணும் மொழியியல் மாணவர்களுக்கு இது வரப்பிரசாதம். என்விரான்மென்ட்டில் இரண்டையும் நடுவில் ஒரு குறி போட்டு ஒட்டித்தான் வைக்க வேண்டும். அந்தக் குறியே கதைக்குள் வந்துவிட்டால் குழப்பம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஹேஷ்டேப் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதைத்தான் ஒன்று என்று ஒத்துக்கொள்ளும். முழு எண்ணாகச் சேமித்த 1-ம் தசம வகையில் சேமித்த 1-ம் அதற்கு இரண்டு.

எண்ணைக் கீயாக வைக்கிறவர்களுக்கு எழுத்துச் சரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு வரிசை எண்ணைத் தசம வகையிலிருந்து எழுத்தாக மாற்றும்போது, 99,999 அப்படியே வரும். 1,00,000-ஐ ஆர் அடுக்குக்குறி வடிவத்தில் சுருக்கி எழுதிவிடும். இன்னொரு கோப்பில் அதே எண் ஆறு இலக்கமாக எழுத்து வடிவில் இருந்தால் இரண்டும் ஒன்று சேராது. கணக்கெடுப்பில் அந்த ஒரு வீடு மட்டும் காணாமல் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். முதலில் முழு எண்ணாக மாற்றிவிட்டு அப்புறம் எழுத்தாக்கினால் இந்தப் பிரச்சினை இல்லை.

எல்லாவற்றுக்கும் ஹேஷ் டேபிள்தான் என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கதைகளும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் லூப்பே (ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்வது) வேண்டாம். டேபிள் என்ற ஃபங்ஷன் ஒரே வரியில் எண்ணிக் கொடுத்துவிடும். ஒரு பட்டியலில் உள்ள ஆயிரம் பெயரை இன்னொரு பட்டியலில் ஒரே வீச்சில் தேட மேட்ச் போதும். உள்ளுக்குள் அதுவும் ஹேஷ் டேபிள்தான் கட்டுகிறது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாகக் கட்டி, முடிந்ததும் கலைத்துவிடும், அதனால் லூப்புக்குள் ஒவ்வொரு பெயராகக் கொடுப்பது வீண். சைமன் உர்பானெக் எழுதிய ஃபாஸ்ட்மேட்ச் பேக்கேஜ் அந்த டேபிளைக் கலைக்காமல் வைத்துக்கொள்ளும். அட்டவணையோடு அட்டவணையை இணைக்க டேட்டா.டேபிள் பேக்கேஜின் செட்கீ இருக்கிறது. அது வரிசைப்படுத்தி வைத்து, பாதி பாதியாக வெட்டித் தேடும். பத்து லட்சம் வரிசைகளிலும் சுமார் 20 எட்டில் ஆளைப் பிடித்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் தமிழ்த் தரவில் ஒரு வேலை மீதி இருக்கிறது, அதில்தான் எனக்கு அதிகக் கவலை. ‘கொடி’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். என்கேரக்டர் என்று நாங்கள் வாசிக்கும் எழுத்தெண்ணும் ஃபங்ஷனிடம் கேட்டால் ஒன்றுக்கு 4 என்றும் மற்றதற்கு 5 என்றும் சொல்லும். ஹேஷ் டேபிளுக்கு இவை இரண்டு தனிச் சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இருந்து பாதி, நேரடியாக யூனிகோடில் தட்டியதில் இருந்து பாதி என்று சேர்ந்தால், ‘கொடி’க்கு இரண்டு வரி, ‘போனான்’ என்பதற்கு இரண்டு வரி. கடைசிப் பட்டியலில் கண்ணால் பார்க்கிறவர்கள், எப்படி ஒரே சொல் இரண்டு தடவை வந்தது என்று திகைப்பார்கள். பார்க்காதவர்கள் தவறான எண்ணிக்கையை அச்சேற்றிவிடுவார்கள்.

ஸ்ட்ரிங்ஐ என்ற பேக்கேஜில், இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே விதமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷன் இருக்கிறது. சொல்லை டேபிளில் போடும் முன்பும், டேபிளில் தேடும் முன்பும் அதன் வழியாக அனுப்பினால் இந்த ஒகர ஓகாரத் தொல்லை தீரும். அதற்குள் அடங்காதவையும் உண்டு. ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டலாம், என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத இடைக்குறிகள் இணையத்திலிருந்து எடுத்த கோப்புகளில் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றையெல்லாம் களைந்து ஒழுங்குபடுத்தும் சிறு ஃபங்ஷன் ஒன்றைத் தமிழ்த்துறையும் புள்ளியியல் துறையும் உட்கார்ந்து சேர்ந்து எழுதினால், எல்லாக் கல்லூரி மாணவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதைச் செய்ய நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பைத்தான் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் டிக்ஷனரி என்ற வசதியை ஆரம்பப் பாடங்களிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள், அது நல்ல பழக்கம். ஆர் வகுப்பில் நாம் சராசரி, இடைநிலை, டி சோதனை, வரைபடம் என்று நேரே போய்விடுகிறோம். தரவை எப்படி வைத்துக்கொள்வது, வைத்ததை எப்படித் தேடி எடுப்பது என்ற பாடமே இல்லை. அதனால்தான் ஒரே பையன் பைத்தானில் வேகமாகவும் ஆரில் மெதுவாகவும் எழுதுகிறான். அவன் மொழி மீது பழி போடுவதில் ஆச்சரியமில்லை. கல்விப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் அதையே வழிமொழியக் கூடாது.

தங்கள் நாளிதழைப் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு கோரிக்கைகளை இங்கேயே வைக்கிறேன். முதல் பருவத்து ஆர் செய்முறையில் ஒரு பயிற்சியைச் சேருங்கள்: ஒரே சொற்கோப்பை லிஸ்ட்டால் ஒருமுறையும் என்விரான்மென்ட்டால் ஒருமுறையும் எண்ணவைத்து, சிஸ்டம்.டைம் போட்டு நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கோப்பை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பெரிதாக்கி இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். புள்ளியியல் மாணவர்களுக்கு வரைபடத்தைவிட வேறு விளக்கம் தேவைப்படாது. இரண்டாவது, கல்லூரி லேப்களில் ஆர் பழைய பதிப்பாக இருந்தால் மாற்றுங்கள். விண்டோஸில் 4.2.0-க்கு முந்தைய பதிப்புகளில் தமிழ்ச் சொற்கள் பல இடங்களில் கோண அடைப்புக்குள் குறியெண்களாகத் தெரியும்; அதைப் பார்த்துவிட்டுத் தமிழ் ஆருக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். 4.2.0-லிருந்து புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஆர், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையையே தன் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பதிப்பை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை, லேப் உதவியாளர் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். அடுத்த பருவம் தொடங்கும் முன் இதைச் செய்துவிட்டால், லேப்டாப் வாங்கும் யோசனையைப் பிள்ளைகள் அப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை